தூத்துக்குடியில் எங்கே சாப்பிடலாம், எந்த இனிப்பை எப்போது வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "சென்னையிலிருந்து அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகளோடு திருச்செந்தூர் வருகிறோம். தூத்துக்குடியில் ஒன்றரை நாள் இருப்போம். எங்கே சாப்பிடலாம்? மக்ரூன் தவிர வேறு என்ன இனிப்பு வாங்கலாம்? அம்மா சுத்த சைவம். போன தடவை உறவினர் ஒருவர் வாங்கி வந்த மக்ரூன் வீடு வந்து சேர்வதற்குள் நமுத்துப் போயிருந்தது. அதற்கு ஏதாவது வழி உண்டா?"

வழி உண்டு. எங்கள் ஊர் பேக்கரி இனிப்பான மக்ரூனைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால், எங்கள் ஊருக்குச் சாப்பிட வருகிற எல்லோரிடமும் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடைப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் சுற்றாதீர்கள். இங்கே சாப்பாடு கடையை விட நேரத்தைப் பொறுத்தது. பதநீர் காலையில், மீன் மதியம், கருப்பட்டி மிட்டாய் சாயங்காலம், புரோட்டா ராத்திரி. நேரம் சரியாக அமைந்தால் சுமாரான கடையில்கூட நல்ல சாப்பாடு கிடைக்கும். நேரம் தப்பினால் பெயர் பெற்ற கடையிலும் ஏமாற்றம்தான். மாதமும் அப்படித்தான். நீங்கள் வரும் மாதத்தை எழுதவில்லை என்பதால் எல்லாக் காலத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காலை டிபனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இட்லி, பொங்கல், பூரி எல்லாம் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலத்தான். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலும் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்குக் காலையும் மதியமும் கவலையே இல்லை. எட்டு மணிக்குள் போய்விட்டால் இட்லி சூடாக இருக்கும், பிள்ளைகளுக்கு உட்கார இடமும் கிடைக்கும்.

மாசி, பங்குனியிலிருந்து ஆனி வரைக்குள் வருகிறீர்கள் என்றால் காலையில் டிபனுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அது பதநீர் காலம். திருச்செந்தூர் போகும் வழியிலும், அங்கிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி பக்கம் போனாலும் சாலையோரத்தில் பானையோ கேனோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பனை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றித் தருவார்கள். நுங்கு இருந்தால் சீவிப் போடச் சொல்லுங்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குவார்கள். புளித்துக் கள்ளாக மாறாமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். ஆனாலும் வெயில் ஏற ஏற ருசி மாறிவிடும். ஒன்பது மணிக்குள் குடிக்கிற பதநீருக்கு ஒரு வாசம் உண்டு, பதினோரு மணிக்கு அது இருக்காது. பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, பட்டையிலேயே கேளுங்கள். ஓலையின் பச்சை வாசம் சேர்ந்தால்தான் அது பதநீர். அம்மாவுக்கும் ஏற்றது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பொங்கலையொட்டி வந்தால் பதநீர் இருக்காது, பனங்கிழங்கு இருக்கும். அவித்த கிழங்கைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். நடுவில் இருக்கும் நரம்பை உரித்துப் போட்டுவிட்டு ஒடித்துச் சாப்பிட வேண்டும். கிழங்கு தோண்டும்போது கிடைக்கும் தவுணையும் எங்காவது பார்த்தால் விடாதீர்கள். முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி மெத்தென்று, லேசான இனிப்போடு இருக்கும். கடையில் டப்பாவில் அடைத்து விற்க முடியாத பண்டம் அது. சென்னைப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

சரி, மதியம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் சாப்பாடுதான். மெஸ்ஸில் உட்கார்ந்ததும் மெனு கார்டைத் தேடாதீர்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வஞ்சிரம் கேட்பார்கள். இங்கே அதற்குச் சீலா என்று பெயர். சீலா நல்ல மீன்தான், விலையும் அதிகம். ஆனால் அதைச் சென்னையிலேயே சாப்பிடலாம். இங்கே வந்தால் விளமீன், ஊளி, பாறை, முரல், இதில் எது அன்றைக்கு வந்திருக்கிறதோ அதைக் கேளுங்கள். குழம்புக்கு விளமீன், பொரிக்க ஊளி என்பது என் கணக்கு. சாளை இருந்தால் ஒரு தட்டு பொரிக்கச் சொல்லுங்கள். முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ருசியில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பக்கத்து மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். தேங்காயோடு சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்த்து மையாக அரைத்து, புளி கரைத்து, கொதி வந்த பிறகு மீனைப் போட்டு இறக்குவார்கள். மண்டபத்து விருந்துக் குழம்பு மாதிரி எண்ணெய் மிதக்காது. சோற்றில் ஊற்றினால் மஞ்சள் கலந்த சிவப்பில் கெட்டியாகப் படியும். குழம்பு தண்ணீராக ஓடினாலோ, மிளகாய்த் தூள் பச்சையாக வாடை அடித்தாலோ அடுத்த வேளைக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. இங்கே விசைப்படகுகள் விடியற்காலையில் கடலுக்குப் போய் அன்று இரவே திரும்பிவிடும். பல துறைமுகங்களில் நாள்கணக்காகக் கடலில் தங்கி மீன் பிடித்து வருவார்கள், தூத்துக்குடியில் அந்த வழக்கம் இல்லை. அதனால் ராத்திரி ஏலம் போன மீன் மறுநாள் மதியம் உங்கள் இலைக்கு வருகிறது. நாட்டுப் படகு மீன் திரேஸ்புரத்தில் கரையேறும். காலையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டலாம். கணவாய், நண்டு, சிங்கி இறால், பெயர் தெரியாத நிறநிறமான பாறைமீன்கள் எல்லாம் கூடையில் கிடக்கும். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று போட்டோ எடுக்காமல் ஓரமாக நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். நாட்டுப் படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிவிடும். சில ஓட்டல்களில் ஐஸ் மீனைப் பொரித்துத் தருவார்கள். பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சரியாக இந்த மாதங்களில்தான் வருகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். அப்போது வந்தால் பெரிய மீனை விட்டுவிட்டு, அன்று கரைக்கு வந்த சின்ன மீன் எது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். அதுதான் புதிதாக இருக்கும். அந்த மாதங்களில் பதநீரும் நுங்கும் உச்சத்தில் இருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

அம்மாவை மீன் வாடை அடிக்கும் மெஸ்ஸில் உட்கார வைக்க வேண்டாம். மதியம் இரண்டு குழுவாகப் பிரிந்து சாப்பிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. சைவச் சாப்பாட்டில் சொதி, அவியல் கிடைக்கிற நாளாக அமைந்தால் அம்மாவுக்கு யோகம். நெல்லைப் பக்கத்துச் சொதியில் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்திருக்கும், கூடவே இஞ்சிப் பச்சடி வரும்.

இனி இனிப்பு. கேள்வியில் பாதி இதுதான், பதிலிலும் பாதி இதற்கே.

மக்ரூனில் மூன்றே சரக்கு: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. உங்கள் அம்மா சுத்த சைவம் என்று எழுதியதால் இதை முதலில் சொல்கிறேன். பார்க்க வெறும் சர்க்கரை மிட்டாய் போல இருப்பதால் பலர் முட்டை என்று தெரியாமலே வாயில் போட்டுவிடுகிறார்கள். மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது.

செய்வது எளிதாகத் தெரியும், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்தாலும் நுரை எழும்பாது, கொழுப்பு நுரையைக் கெடுத்துவிடும். கருவை அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரையை நிறுத்துவார்கள். பிறகு பொடித்த முந்திரியைத் தூவிக் கையால் கலக்குவார்கள். இங்கேதான் சூட்சுமம். முந்திரியில் எண்ணெய் இருக்கிறது. மையாக அரைத்தால் அந்த எண்ணெய் வெளியே வந்து நுரையை உட்கார வைத்துவிடும், மக்ரூன் அடை போலத் தட்டையாகிவிடும். ரொம்ப நரநரவென்று விட்டால் கூம்பு நிற்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம். கலக்கும்போதும் அழுத்தக் கூடாது, அடியிலிருந்து மேலே புரட்டிவிட வேண்டும். பிறகு கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். விரல் நொடியில் ஒவ்வொன்றும் உச்சியில் சின்ன வாலோடு எழுந்து நிற்கும். அதை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். சுடுவது என்பதை விட உலர்த்துவது என்று சொல்வதுதான் சரி. சூடு கூடினால் வெளியே பழுப்பாகி உள்ளே பிசுபிசுத்துவிடும். பழைய பேக்கரிகளில் விறகு அடுப்பில் ரொட்டி எல்லாம் வெந்து முடிந்த பிறகு, தணிந்த சூட்டில் மக்ரூனை உள்ளே தள்ளுவார்கள்.

நல்ல மக்ரூன் தந்த நிறத்தில் இருக்கும். பளீர் வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. எடுத்தால் கனமே தெரியாது. உச்சியை ஒடித்தால் சத்தத்தோடு முறியும், உள்ளே கொஞ்சம் இழுவை இருக்கும், நாக்கில் வைத்ததும் கரைந்து கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் நிற்கும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் முந்திரியைக் குறைத்திருக்கிறார்கள். நிலக்கடலை வாசம் வந்தால் முந்திரிக்குப் பதில் அதைக் கலந்திருக்கிறார்கள். விலை மலிவாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

இந்தக் கரைக்குப் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்தார்கள், பிறகு 1658-இல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். மக்ரூன் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாமில் செய்வார்கள், இங்கே பாதாம் கிடையாது, முந்திரி இருந்தது. அந்த முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர்தான். இன்னொரு தொடர்பும் உண்டு, அது இலங்கை. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கேதான் கப்பல் ஏறினார்கள். கொழும்புக்குப் போய் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். பேக்கரித் தொழில் ஒரு சின்ன ஊரில் இவ்வளவு வேர் பிடித்ததற்கு அந்தப் போக்குவரத்தும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கடைப் பெயர் கேட்டால் கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி, ஞானம் பேக்கரி ஆகியவை ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர்கள். ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் போதும். வாங்கும் முன் ஒன்றை ருசி பார்க்கக் கேளுங்கள், தருவார்கள். ருசி பார்த்த டப்பாவிலிருந்தே எடை போடச் சொல்லுங்கள். அதே பேக்கரியில் மற்ற ரொட்டிகளையும் ஒரு பார்வை பாருங்கள். தேங்காய் பன்னும் ரஸ்க்கும் நன்றாக இருக்கும் கடையில் மக்ரூனும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கை ஒன்றுதான்.

உங்கள் உறவினர் கொண்டு வந்தது நமுத்துப் போனதற்குக் காரணம் கடற்காற்றின் ஈரம். சர்க்கரையும் உலர்ந்த நுரையும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அட்டைப் பெட்டியில் கட்டி வாங்கினால் ஒரே ராத்திரியில் மெத்தென்று ஆகிவிடும். அதனால் வீட்டிலிருந்தே இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் தூக்கோ நல்ல பிளாஸ்டிக் டப்பாவோ கொண்டு வாருங்கள். டப்பா முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரம் போதும் கெடுக்க. நிரப்பிய பிறகு மேலே இடைவெளி இருந்தால் காகிதத்தைச் சுருட்டி அடையுங்கள், குலுங்கி உடையாது. ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று கடைசி வேலையாக வாங்குங்கள். முதல் நாளே வாங்கி அறையில் வைத்துத் திறந்து திறந்து மூடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். இப்படி வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கால் கிலோவே பார்க்க நிறைய வரும், அவ்வளவு லேசு. அதனால் தேவைக்கு மேல் வாங்கிவிடாமல் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

மக்ரூனை எல்லோரும் தூக்கி வைக்கிறார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் மனதுக்கு நெருக்கமான இனிப்பு கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் கட்டி, துணியில் ஒரு துளை விட்டு, காய்ந்த எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிவார்கள். வெந்ததும் எடுத்துப் பக்கத்தில் இருக்கும் கருப்பட்டிப் பாகில் முக்கி, இழுத்துத் தட்டில் போடுவார்கள். பாகில் சுக்கும் ஏலமும் இருக்கும். வெளியே மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே குழலில் தேங்கிய பாகு வாய்க்குள் பீறிடும். பார்ப்பதற்கு ஜிலேபி மாதிரி இருந்தாலும் கருப்பட்டியின் கரிந்த வாசமும் அடியில் ஓடும் மெல்லிய உப்புக் கரிப்பும் அதை வேறாக்கிவிடும். சர்க்கரைப் பாகில் போட்ட வெள்ளை நிறச் சீனி மிட்டாயும் கூடவே இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள், கொடுங்கள். நீங்கள் கருப்பட்டியை எடுங்கள். முட்டை கிடையாது, நெய் கிடையாது, அம்மாவும் தாராளமாகச் சாப்பிடலாம். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் மிட்டாய்க் கடை முன்னால் நின்று சூடாக வாங்கிச் சாப்பிட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் காலையிலிருந்து இருப்பதைப் பார்த்துவிட்டு இதை எடை போடாதீர்கள். பக்கத்திலேயே காராச்சேவு இருக்கும். ஒரு கை மிட்டாய், ஒரு கை சேவு, இப்படித்தான் இங்கே சாப்பிடுவார்கள்.

மூன்றாவது மஸ்கோத் அல்வா. இது சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் முதலூரின் இனிப்பு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்தது. மஸ்கோத்தில் நெய்க்கு வேலை இல்லை. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து விறகு அடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டுவார்கள். தேங்காய்ப்பால் வற்றி அதிலிருந்தே எண்ணெய் பிரியும், அந்த எண்ணெயிலேயே அல்வா திரண்டு வரும். முந்திரி போடுவார்கள். கையில் எடுத்தால் ஒட்டாது, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். நெய் அல்வா இரண்டு வாய்க்கு மேல் திகட்டும் என்பவர்களுக்கு இது திகட்டாது. முதலூர் வரைக்கும் போக முடிந்தால் அங்கேயே வாங்குங்கள். திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகப் போய் வரலாம். முடியாவிட்டால் தூத்துக்குடியிலும் கிடைக்கும், முதலூரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுப்பால் சேராததால் பயணத்துக்குத் தாங்கும். வயதான அப்பாவுக்குப் பல் பிரச்சினை இருந்தால் மக்ரூனை விட இதுவே அவருக்குத் தோது.

திருச்செந்தூர் போகும் நாளை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். வழியில் ஆத்தூர் வரும், வெற்றிலைக்குப் பெயர் போன ஊர், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து காயல்பட்டினம். அங்கே தனிச் சமையல் உண்டு, ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் சமையல். கல்யாண வீட்டில் களறிச் சாப்பாடு போடுவார்கள். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது கிடைக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு நண்பர் வேண்டும். ரமலான் மாதத்தில் வந்தால் மட்டும் சாயங்காலம் தெருவில் வாடா, கஞ்சி எல்லாம் விற்கும். வாடா என்பது அரிசி மாவுக்குள் தேங்காயும் இறாலும் வைத்துப் பொரித்தது. சூடாக ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள், வடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திருச்செந்தூரில் சாப்பாட்டுக்கு என்று தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. தரிசனம் முடித்துப் பசியோடு வெளியே வந்தால் சன்னதித் தெருவில் எது கிடைத்தாலும் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே சில்லுக்கருப்பட்டி வாங்காமல் திரும்ப வேண்டாம். கருப்பட்டியைச் சுக்கும் ஏலமும் சேர்த்துச் சின்னச் சின்ன வில்லைகளாக வார்த்திருப்பார்கள். பயணத்தில் பிள்ளைகளுக்கு வாயில் அடக்கிக்கொள்ள நல்லது. முழுக் கருப்பட்டி வேண்டுமென்றால் உடன்குடிதான். அதுவும் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பதநீரைக் காய்ச்சிக் கூழ்ப்பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள், அதனால்தான் அந்த அரைவட்ட வடிவம்.

கருப்பட்டியில் கலப்படம் அதிகம், சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்சி விற்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த இடம் மங்கலாக, கரும்பழுப்பாக இருந்தால் நல்லது. சர்க்கரைக் கல் போல மினுமினுத்தால் கலப்படம். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பு வர வேண்டும், வெறும் இனிப்பு மட்டும் நின்றால் வாங்க வேண்டாம். விலையையும் பாருங்கள். பனை ஏறுகிறவர் ஒரு நாளில் பல மரம் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும், அதைக் காய்ச்ச விறகு வேண்டும், நேரம் வேண்டும். அந்த உழைப்புக்கு உரிய விலை குறைவாக இருக்க முடியாது. நல்ல கருப்பட்டிக்குப் பேரம் பேசாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பனையேறும் குடும்பங்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

ராத்திரி ஊருக்குத் திரும்பியதும் புரோட்டா. ஆறரை மணிக்கு மேல்தான் கல் காயும். சில பழைய கடைகளின் பலகையில் 'நைட் கிளப்' என்றுகூட எழுதியிருக்கும். ராத்திரி மட்டும் நடக்கும் புரோட்டாக் கடைக்கு இந்தப் பக்கத்தில் அப்படியொரு பெயர் உண்டு, குடும்பத்தோடு தைரியமாகப் போகலாம். எங்கள் ஊர்ப் புரோட்டா அளவில் சின்னது. கல்லில் எண்ணெய் தாராளமாக ஊற்றி, ஓரம் சிவக்க வேகவிட்டு, நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். இதழ் இதழாகப் பிரிந்துவிடும். வாழை இலையில் போட்டு, பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். ஊறுவதற்கு முன் ஒரு துண்டை மொறுமொறுப்பாக எடுத்துத் தின்றுவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். சால்னாவில் தேங்காய், கசகசா, சோம்பு, கறியின் எலும்புச் சாறு எல்லாம் சேர்ந்திருக்கும். கெட்டிக் குழம்பாக இருந்தால் அது சால்னா இல்லை. தொட்டுக்கொள்ளப் பொரித்த நாட்டுக்கோழியோ காடையோ மட்டன் சுக்காவோ போதும்.

சைவம் என்று சொன்னால் சில கடைகளில் வேறு குழம்பு தருவார்கள், ஆனால் கல்லும் கரண்டியும் ஒன்றுதான். மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு. எனவே அன்று ராத்திரி அம்மாவுக்கு ஏழு மணிக்கே சைவ ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு மற்றவர்கள் புரோட்டாவுக்குப் போங்கள். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் கூடும், பிள்ளைகளோடு காத்திருப்பது சிரமம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போகாமல் இருக்க முடிந்தால் நல்லது.

பண்டிகைக் காலமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா கோயில் திருவிழா. கோயிலைச் சுற்றிக் கடை போடுவார்கள், பேரீச்சையும் அல்வாவும் மிட்டாயும் குவிந்திருக்கும். பார்க்க வேண்டிய கூட்டம்தான், ஆனால் கடைசி இரண்டு நாள் ஊருக்குள் வண்டி நகராது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரிலும், புரட்டாசியில் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்திலும் அதே நிலைமை. அந்த நாட்களில் ருசி தேடி அலைய முடியாது, கிடைத்ததைச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பும் வழியைப் பொறுத்து ஒரு விஷயம். ரயிலில் போனால் சாயங்காலம் கருப்பட்டி மிட்டாய், அப்படியே பேக்கரியில் மக்ரூன், இரண்டையும் முடித்துக்கொண்டு நேராக ஸ்டேஷன் போய்விடுங்கள். மக்ரூன் டப்பாவைப் பெர்த்துக்கு அடியில் தள்ளாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். காரில் போனால் கோவில்பட்டி வழியாகப் போங்கள், அறுபது கிலோமீட்டர். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் அங்கே கிடைக்கும். கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்தது, மக்ரூன் போல ஈரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கொடுக்க அதுதான் வசதி. இன்னும் கொஞ்சம் வடக்கே சாத்தூர், அங்கே காராச்சேவு. வெயிலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால் மக்ரூன் டப்பாவைத் திறக்காமல் நிழல் பக்கத்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள், எந்த நாளில் திருச்செந்தூர் என்று எழுதினால் எந்த வேளைக்கு எதை வைத்துக்கொள்வது என்று நாள்வாரியாகப் பிரித்துச் சொல்கிறேன்.